பத்திரிகையில் பெயர் மட்டும்

ஓடிப்போனான் என்கிற சொல்லை முதலில் நிறுத்துங்கள். குணசீலன் எங்கும் ஓடவில்லை. பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்துவிட்டுக் குப்பாயி சொல்கிறாளே, போலிச் சர்டிபிகேட்டைக் காட்டிப் பெண் கேட்டான், குட்டு உடைந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக ரிக் வண்டி ஏறி வடக்கே போய்விட்டான் என்று, அதில் ஒரு சொல்லும் சரியில்லை. ராத்திரியும் இல்லை, ஒன்றும் இல்லை. பட்டப்பகலில், அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்த நேரத்தில், தன் வீட்டு முன்வாசல் வழியாக நடந்து போனவன் அவன். ஓடுகிறவன் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டா போவான்? குட்டை உடைத்ததும் வேறு யாரும் இல்லை, அவனேதான். அப்படியானால் ஏமாற்றியது யார், ஏமாந்தது யார் என்று கேட்டால், அங்கேதான் எல்லோருக்கும் குழம்புகிறது. அவனுக்கே குழம்பிப்போய்த்தான் கிடந்தது. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

குணசீலன் ஆராயிக்கு ஒரே மகன். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய கோடையிலேயே பையன் ரிக் வண்டி ஏறினான். திருச்செங்கோட்டுப் பக்கம் இது புதிதா என்ன? அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் எங்காவது வெளி மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். இவனும் ராடு தூக்கி மாட்டுகிற ஆளாகச் சேர்ந்து, பிறகு லிவரைப் பிடித்துத் துளை போடுகிற டிரில்லர் ஆனான். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு மழைக்காலத்தில்தான் வீட்டுக்கு வருவான். கம்ப்ரசர் சத்தத்திலேயே இருந்து பழகியதால் பக்கத்தில் இருப்பவரிடமும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவான். மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது.

ஆனால் பெண் அமையவில்லை. ஜாதகம் பொருந்தும், தோட்டம் பொருந்தும். ‘பையன் என்ன படிச்சிருக்குதுங்க’ என்ற இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். பையன்கள் எல்லாம் லாரிக்கும் ரிக்குக்கும் போன காலத்தில் பெண் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் பட்டம் வாங்கிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் எழுத்தெழுத்தாகப் பட்டம் நிற்கும்போது, மாப்பிள்ளை பெயர் மொட்டையாக இருந்தால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? பத்திரிகையை வாங்கினதும் தேதி பார்க்கிறவர்களைவிடப் படிப்பைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். ஆராயி வேண்டாத கோயில் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் கோகுல்ராஜ் என்று ஒருவன் போனில் வந்தான். வேலை செய்துகொண்டே வீட்டிலிருந்தே பட்டப்படிப்பு, வடக்கே பெரிய பல்கலைக்கழகம், சேலத்தில் கிளை என்றான். முகம் தெரியாதவன் சொன்னதை எப்படி நம்பினான் என்று கேட்பீர்கள். ரிக் தொழிலில் முகத்தை யார் பார்க்கிறார்கள்? ஏஜென்ட் போனில் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்வான். அந்தக் குரலை நம்பி, பாஷை தெரியாத ஊருக்கு வண்டி போகும். போனால் அங்கே துளை போட வேண்டிய காடும் இருக்கும், நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரரும் காத்துக்கொண்டிருப்பார். அத்தனை வருஷத் தொழிலில் போன் குரல் அவனைக் கைவிட்டதில்லை. போர் போட்டு முடித்தால் இறக்கிய ராடுகளை எண்ணி எத்தனை அடி என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். படிப்பை எதை வைத்துச் சரிபார்ப்பது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

அதுவும் கோகுல்ராஜ் பேசின பேச்சு அப்படி. “இத்தனை வருசமா பூமியைத் தொளைச்சவர் நீங்க. அதுவே பாதிப் படிப்புங்க சார். மீதியைப் போன்லயே படிச்சுட்டீங்கன்னா ஜியாலஜியில டிகிரி” என்றான். கிரீஸ் கையும் மண் சட்டையுமாக நின்றவனை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

பணம் கட்டிவிட்டு மற்றவர்கள் மாதிரி இவன் சும்மா இருக்கவில்லை. இதைத்தான் குப்பாயி காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அனுப்பின வீடியோ அத்தனையையும் வண்டிக் கேபினில் உட்கார்ந்து பார்த்தான். எந்தப் பாறை எப்படி உண்டானது, நீர் எந்த அடுக்கில் தங்கும் என்று தாளில் படம் போட்டுப் பார்த்தான். பரீட்சையும் போனில்தான். பக்கத்தில் இருந்தவர்கள் கூகுளில் தேடி எழுது என்று சிரித்தபோதும், தெரியாத கேள்வியைத் தெரியாது என்றே விட்டான். முதல் வகுப்பில் தேறியதாகத் தகவல் வந்தது. அந்தச் சேதியைப் போனில் கேட்ட ஆராயி, தெருவுக்கே கற்கண்டு கொடுத்தாள்.

பட்டமளிப்பு சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, மேடையில் நாதஸ்வரம் இல்லாத குறைதான். நரைத்த தலையோடு கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் சுருளைக் கையில் கொடுத்தார். ஆராயி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் மகன் போட்டிருந்த அங்கியை விரலால் தொட்டுப் பார்த்து, பட்டா பாலியஸ்டரா என்று கேட்டாள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினார்கள்.

அதற்கப்புறம் வந்த இடம்தான் எருமப்பட்டித் தங்கசாமி வீடு. கோழிப்பண்ணைக்காரர், நாணயமான மனிதர். கீறல் விட்ட முட்டை ஒன்று தெரியாமல் நல்ல அட்டையில் போய்விட்டால், வியாபாரிக்குப் போன் போட்டு அவரே சொல்லிவிடுவார். மகள் அபிநயா எம்.காம். படித்து, நாமக்கல்லில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து கடைக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கி மாற்றிக்கொண்டார்கள். உப்புச் சர்க்கரை வாங்கியாகிவிட்டால் இந்தப் பக்கத்தில் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு வாக்கு மாறினால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

பெண்ணும் பையனும் போனில் பேசிக்கொண்டார்கள். அபிநயாவுக்கு இவனைப் பிடித்திருந்தது. இவ்வளவு ஆசையாகப் படிக்கிறவர் மேலே எம்.எஸ்சி. படித்தால் என்ன என்று, அவளாகவே விண்ணப்பம் போட முனைந்தாள். அதற்காகத்தான் சர்டிபிகேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பிள்ளைகள் கொண்டுவரும் சர்டிபிகேட்டைச் சரிபார்ப்பதுதான் அவளுக்கு அலுவலகத்தில் வேலை. மறுநாள் மத்தியானம் கூப்பிட்டபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

“உங்க யுனிவர்சிட்டி பேரு லிஸ்ட்லயே இல்லீங்க.”

“எந்த லிஸ்ட்லீங்க?”

“கவர்மென்ட் அங்கீகாரம் குடுத்த லிஸ்ட்ல. எல்லாப் பக்கமும் தேடிப் பாத்துட்டனுங்க. இந்தச் சர்டிபிகேட் எங்கயும் செல்லாது.”

“நான் படிச்சனுங்களே.”

“படிச்சீங்க, எனக்குத் தெரியுதுங்க. ஆனா பட்டம் இல்லீங்க.”

குணசீலன் கோகுல்ராஜைக் கூப்பிட்டான். எடுக்காமல் இருந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். எடுத்துப் பேசினான். இது சர்வதேச அங்கீகாரம், அரசாங்க லிஸ்ட் வேறு, தன்னாட்சி லிஸ்ட் வேறு, விவரம் தெரியாதவர்கள் குழப்புவார்கள் என்று சரளமாகச் சொன்னான். கேட்கும்போது அதுவும் சரியென்றே பட்டது. மறுபடி கூப்பிட்டபோது அந்த எண் இல்லை. சேலத்துக்குப் போய் முகவரியைத் தேடினால், மாடியில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த அம்மாள் இவன் கையில் இருந்த கோப்பைப் பார்த்ததுமே, நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

ஆராயி இதை நம்பவே இல்லை. “நான் கண்ணால பாத்தனே, உனக்குத் தொப்பி வெச்சாங்களே” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். படத்தைக் கழற்றப் போன மகனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு எந்தத் தாள் செல்லும், எந்தத் தாள் செல்லாது என்று எப்படித் தெரியும்? அவள் பார்த்தது மகன் கண் சிவக்கச் சிவக்கப் போனைப் பார்த்துப் படித்ததை. அது நடந்ததுதானே?

அவனுக்கும் அதே சிக்கல். பட்டம் பொய் என்றால் படித்த பாறையும் பொய்யா? பெண் பார்க்கப் போனபோது பி.எஸ்சி. என்று சொன்னானே, அது பொய்யா? சொன்ன அன்றைக்கு அது அவன் அறிந்த உண்மை. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. ஒன்று மட்டும் பிடிபட்டது. முன்னே சொன்னது எதுவோ போகட்டும், இனிமேல் சொன்னால் அது அறிந்தே சொல்லும் பொய்.

அதனால் பஸ் ஏறி எருமப்பட்டிக்குப் போனான். தங்கசாமி பண்ணையில் முட்டையை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார். இவன் நடந்ததெல்லாம் சொன்னான். அவர் சத்தம் போடுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தான். அவர் கையிலிருந்த அட்டையை நிறைத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

“இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா மாப்பிள்ளை?”

“இல்லீங்க மாமா. அபிநயாவுக்குத்தான் தெரியும்.”

“அப்ப சொல்லாதீங்க. கல்யாணத்துல எவன் வந்து சர்டிபிகேட்டைக் காட்டுன்னு கேக்கப் போறான்?”

சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் மாப்பிள்ளை ஜியாலஜி படித்தவர் என்று அவர் சொல்லியாகிவிட்டது. பங்காளிகளிடம் கொஞ்சம் கூடவே சொல்லியாகிவிட்டது. கீறல் முட்டைக்குப் போன் போடுகிற மனிதர் இப்படிச் சொன்னால் ஒருவன் என்னவென்று எடுத்துக்கொள்வான்? போனதைவிட அதிகக் குழப்பத்தோடு குணசீலன் திரும்பி வந்தான்.

பிறகு வந்தது அந்த நாள். இரண்டு வீட்டுப் பத்திரிகையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று, தங்கசாமியே நாமக்கல்லில் ஒரே அச்சகத்தில் கொடுத்து அடித்து, மாப்பிள்ளை வீட்டுக் கட்டைத் தானே கொண்டுவந்தார். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன்னால் வைக்க வேண்டும். ஆராயி மஞ்சளைக் குழைத்து, ஒரு மூலையில் தடவிவிட்டு, மகனைப் படித்துக் காட்டச் சொன்னாள். தனக்கு வந்த எந்தப் பத்திரிகையையும் யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் அவள் வைத்ததில்லை.

குணசீலன் படித்தான். பெரியவர்கள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் படித்தான். திருவளர்ச்செல்வன் குணசீலன் என்றதும் நின்றுவிட்டான்.

“அப்பறம் சாமி?” என்று மகனைக் கேட்டாள் ஆராயி.

“அவ்வளவுதாங்கம்மா.”

“பேருக்குப் பின்னால இன்னும் என்னமோ வருமே. அதையும் சொல்லு.”

அவன் வாயைத் திறந்தான். வரவில்லை. கம்ப்ரசர் ஓடும்போதே அரை மைலுக்குக் கேட்கிற குரல். தங்கசாமிதான் எட்டிப் பார்த்து, பி.எஸ்சி., ஜியாலஜி என்று படித்து முடித்தார்.

பத்திரிகையைத் தட்டில் வைத்துவிட்டு, பெயரை மட்டும் போட்டு வேறு அடித்துக்கொள்கிறேன் என்றான் குணசீலன். தங்கசாமி பொறுமையாகத்தான் பேசினார். இரண்டு பத்திரிகையும் போகிற வீடுகள் பாதிக்கு மேல் ஒன்றுதான். ஒன்றில் பட்டம் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்றார்.

“உங்களுதுலயும் எடுத்துருங்க மாமா.”

“எடுத்தா ஏன்னு கேப்பாங்க.”

“நடந்ததைச் சொல்லீரலாமுங்க.”

தங்கசாமி முகத்தைத் துண்டால் துடைத்தார். “என்ற புள்ளை சர்டிபிகேட் செக் பண்ற வேலையில இருக்கறா. அவளையே ஒருத்தன் ஏமாத்திக் கட்டறான்னு ஊரு சிரிக்கும். அவ எப்படிங்க நாளைக்கு ஆபீஸ் போவா? ஒண்ணு பத்திரிகை இப்படியே போகோணும். இல்லைன்னா கல்யாணமே வேண்டாமுங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. குணசீலன் அங்கேயே நின்றபடி அபிநயாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டான். அவள், “பொய்யோட வாங்கன்னு என்னால சொல்ல முடியலீங்க. வராதீங்கன்னும் சொல்ல முடியல. அப்பாவை மீறி என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க” என்றாள். இவன் சரி என்றான். எதற்குச் சரி என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தான். ஆராயி மஞ்சள் விரலோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உப்புச் சர்க்கரை வாங்கின சம்பந்தம் சாமி, ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். அழவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். சோறு இப்போது வெந்துவிடும், சாப்பிட்டுவிட்டாவது போ என்றாள்.

“வாரனுங்கம்மா.”

தங்கசாமியைப் பார்த்து, “பேரை மட்டும் போட்டு அடிச்சீங்கன்னா ஒரு போன் பண்ணுங்க மாமா. எந்த ஊர்ல போர் போட்டுட்டு இருந்தாலும் விட்டுட்டு வந்தர்றேன்” என்றான்.

வாசலைத் தாண்டினவன் எதையோ கேட்க மறந்த மாதிரி திரும்பினான். இந்த முறை குரல் தெருமுனைவரைக்கும் கேட்டது.

“அப்ப நான் படிச்சதையெல்லாம் என்னங்க மாமா பண்றது?”

தங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். குணசீலன் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, திருச்செங்கோட்டுப் பஸ் நிற்கிற பக்கமாக நடந்து போனான்.