நான் சாப்பிடாத முட்டை

1993 டிசம்பர் 8, புதன்கிழமை. காலை எட்டே முக்காலுக்கு நானும் தம்பியும் பள்ளிக்குக் கிளம்பினோம். பிரேயர், இரண்டு பாடவேளை, தண்ணீர் குடிக்கப் பத்து நிமிடம், மறுபடி இரண்டு பாடவேளை, பன்னிரண்டரைக்குச் சத்துணவு. தேதியை நினைவிலிருந்து எழுதவில்லை. பின்னால் அப்பா அதிகாரிக்கு எழுதிய மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது, அதிலிருந்து எடுத்தேன்.

எங்கள் ஊர் இலுப்பூருக்குத் தெற்கே. நான் அப்போது நான்காம் வகுப்பு. பள்ளியில் சமைத்தவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. பெரியப்பா இறந்த பிறகு கிடைத்த வேலை அது. அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் நானும் மற்ற பிள்ளைகளைப் போல ஆயா என்றே கூப்பிட வேண்டும் என்பது அவர் கட்டளை.

அந்த வாரம் எங்கள் பெஞ்சில் சளி புகுந்திருந்தது. திங்கட்கிழமை ஜன்னலோரத்தில் இருந்தவளுக்கு மூக்கொழுகியது. ஒரு கடலை மிட்டாயை நால்வரும் மாற்றி மாற்றிக் கடிப்பது எங்கள் வழக்கமாதலால், புதனுக்குள் நான்கு பேரும் வரிசையாக இருமினோம்.

அன்று முட்டை போடும் நாள். அப்போதெல்லாம் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை. எனக்கு வாய் கசந்தது, சாம்பார் வாசனைகூடத் தெரியவில்லை. சோற்றைக் காக்கைகளுக்குக் கொட்டிவிட்டு முட்டையைத் தம்பியின் தட்டில் வைத்தேன். அந்தப் பள்ளியில் அன்று இரண்டு முட்டை தின்ற ஒரே ஆள் அவன்தான். அவனுக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மணிக்கு ஜன்னலோரத்தில் இருந்தவள் வாந்தி எடுத்தாள். நாலு மணிக்குள் மற்ற இருவரும். மிச்சம் நான். பள்ளி விடும்போது வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அந்த மூவரில் ஒருத்தியின் அப்பா, சவூதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்தவர், முன்னால் நின்றார். அறுபது பிள்ளைகள் சாப்பிட்டதில் மூன்று பேருக்கு மட்டும் எப்படி என்று தலைமை ஆசிரியர் கேட்டதற்கு, கெட்டுப்போன முட்டை யார் தட்டில் விழுந்ததோ அவர்களுக்குத்தான் வரும் என்றார் அவர்.

பெரியம்மா குரலை உயர்த்தவில்லை. "நானும் அதத்தாங்க சாப்பிட்டேன்."

"ஒனக்குக் கல்லப் போட்டாலும் செரிக்கும். புள்ளைகளுக்குச் செரிக்குமா?" என்றார் சவூதிக்காரர்.

நாலு பேர் சிரித்தார்கள். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டதும் எனக்குக் கட்டளை மறந்துவிட்டது. கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

"சார், நானும் சாப்பிட்டேன் சார். பெரியம்மா போட்ட முட்டயத்தான் முழுசாச் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணுமே இல்ல."

தலைமை ஆசிரியரின் முகம் தெளிந்தது. புள்ளையே சொல்லுதே என்று அவர் சவூதிக்காரரைப் பார்த்தார். பின்வரிசையில் இரண்டு பேர் சைக்கிளை எடுத்தார்கள். நான் சொன்ன ஒரு பொய்யால் ஊர் கலைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். எல்லோர் முன்னாலும் குழாயடியில் வாந்தி எடுத்தேன். வெறும் தண்ணீரும் சளியும்தான் வந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"இந்தா, சொந்தக்காரப் புள்ளையவே விட்டு வைக்கல" என்றார் சவூதிக்காரர்.

தலைமை ஆசிரியர் பெரியம்மாவிடம் சமையலறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை அம்மா என்ன சாப்பிட்டாய் என்று இரண்டு முறை கேட்டார். முட்டை என்றே சொன்னேன். ஊரறியச் சொன்னதை வீட்டில் மாற்றிச் சொன்னால், பெரியம்மா சொல்லிக்கொடுத்த பொய் என்று அவரை இன்னும் திட்டுவார்கள் என்பது என் கணக்கு. அப்பாவும் அந்த வாரமே மனுவில், 'என் மகளும் அதே உணவை உண்டாள், ஆயினும் எங்களுக்குப் புகார் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினார். பெரியம்மாவுக்கு நியாயம் கேட்டு எழுதிய மனு அது. விசாரணை முடிய ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். பெரியம்மா கடலைக் காட்டு வேலைக்குப் போனார். அவர் இறந்தும் ஆறு வருடமாகிறது.

சென்ற மாதம் என் மகனுக்குச் சளியும் காய்ச்சலும் வந்து, கூடவே வாந்தியும் வயிற்றுப்போக்கும். எந்தக் கடையில் என்ன தின்றான் என்று நான் மருத்துவரிடம் வரிசையாக ஒப்பித்தேன். அவர் அவன் மார்பிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமலே சொன்னார்: "சாப்பாட்ட ஏங்க குத்தம் சொல்றீங்க? இந்தச் சளிக்காய்ச்சல் வைரஸ் சின்னப் பிள்ளைகளுக்கு வயித்தையும் சேத்துப் படுத்தும். துப்பத் தெரியாம விழுங்குற சளியும் கொமட்டும்."

அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால், ஒன்றுமே சாப்பிடாத பிள்ளையின் வாந்தியே பெரியம்மாவுக்குச் சாட்சியாக இருந்திருக்கும்.

சாவி போன மறுநாள், வியாழக்கிழமை, பெரியம்மா வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் முதல் காரியமாக நொய்க்கஞ்சி காய்ச்சி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். டம்ளரில் ஊற்றி, அம்மா பார்க்க, முதலில் தான் இரண்டு மடக்குக் குடித்தார். சிறிது நேரம் காத்திருந்தார். அதற்குப் பிறகே டம்ளரை என்னிடம் நீட்டினார். பெரியம்மாவுக்கும் பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் குடித்தேன்.