லாக்கி காத்த தபால் நிலைய வாசல்

"எட்டே நாள்! நிர்வாகம் நம்ம கால்ல வந்து விழும். அதுவரைக்கும் இந்த வாசலைத் தாண்டி ஒரு தபால்தலைகூட வெளிய போகாது!" என்று லாக்கி முழங்கியது நவம்பர் நடுவில். கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் ஒரு சிற்றூரில் இருபத்திரண்டு வருடம் தபால் சுமந்தவர், வேலைநிறுத்தத்தின் புண்ணியத்தில் மறியல் தலைவராகியிருந்தார்.

எட்டாம் நாள் வந்தது, போனது. பனிதான் விழுந்தது. இருபதாம் நாளுக்குள் உலகத்தில் லாக்கி சந்தேகப்படாத ஆள் மிச்சமில்லை. பாதிரியார் கையில் உறையைக் கண்டால் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். ரொட்டிக்கடை வேன் மெதுவாகப் போனால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டார். உள்ளே தனியாகக் காவலிருந்த மேற்பார்வையாளர் வென்டல், தினமும் வீட்டுக்குப் போகுமுன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும்.

"வெறும் பிஸ்கட்டுய்யா!"

"ரெண்டா உடைச்சுக் காட்டுங்க."

அந்த வியாழக்கிழமை பக்கத்து வீட்டு மோரக் வந்து நின்றார். ஸ்காட்லாந்தில் மகளுக்குப் பிரசவம்; சனிக்கிழமை விமானம். தபாலில் வந்த அவரது பாஸ்போர்ட்டோ தபால் நிலையத்துக்குள். வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோன லாக்கி, கையெழுத்துப் போட ஆளில்லை என்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டுத் திரும்பியிருந்தார்.

"நான் வீட்லதான் இருந்தேன். நீ கதவைத் தட்டவே இல்ல."

"தட்டினேன் அக்கா."

"பூனை மாதிரி வந்து ஒட்டிட்டு நழுவிட்டே. ஊரையே சந்தேகப்படுறியே, உன்னை யாரு சந்தேகப்படுறது?"

சீட்டு ஒட்டின அன்று நல்ல மழை, லாக்கிக்கு முழங்கால் வலி. சீட்டை வண்டியிலேயே எழுதிவைத்திருந்தார்.

வெள்ளி மதியம், தோழர்கள் நெருப்பைச் சுற்றி சூப் குடிக்கையில், லாக்கி தபால் நிலையத்தின் பின்பக்க ஜன்னலைத் தட்டினார். விஷயத்தைக் கேட்ட வென்டல் வெளியே தலையை நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"படம் புடிக்க யாரை ஒளிச்சு வச்சிருக்கே?"

"சத்தியமா யாருமில்லைங்க."

பாஸ்போர்ட் உறை கைமாறியது. கோட்டுக்குள் அதை அமுக்கிக்கொண்டு லாக்கி வாசலைத் தாண்டினார்.

"என்ன தலைவரே, நெஞ்சைப் புடிச்சிட்டுப் போறீங்க?"

"வாயு."

மோரக் வீட்டுக் கதவை மூன்று முறை பலமாகத் தட்டினார். கதவு திறந்ததும் உறையை நீட்டினார். பின்னாலேயே பேனா.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா," என்றார், தெருவின் இரு கோடியையும் பார்த்தபடி.