வெள்ளைக்கோட்டுக்கு இரண்டடி தள்ளி

அளவு நாடாவின் நுனியில் ஒரு பித்தளை வளையம் இருக்கும். அதுதான் பூஜ்யம். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் உத்தியோகம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. அங்கே சும்மா வாங்கிய பூஜ்யத்துக்கு இங்கே சம்பளம் தந்தார்கள்.

நாடாவின் மறுமுனையில் சர்வே இன்ஜினியர் மேடம். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். புனேயில் வாகட் பக்கம் எக்ஸ்பிரஸ்வேயை ஒட்டி சர்வீஸ் ரோடு போட இடம் அளந்தோம். பக்கத்துத் தெருவுக்கு ஸ்கூட்டரில் போகிறவர்கூட லாரிகளுக்கு நடுவே புகுந்துதான் போக வேண்டியிருந்த காலம் அது. எக்ஸ்பிரஸ்வேயின் ஓர வெள்ளைக்கோட்டில் நான் வளையத்தை வைக்க வேண்டும். அங்கிருந்து வீட்டுச் சுவர் வரை எவ்வளவு என்று மேடம் எழுதிக்கொள்வார்.

கோட்டில் நின்றால், கண்டெய்னர் லாரி போகிற காற்று ஆளையே உள்ளே இழுக்கும். வீட்டுப் பக்கமாக இரண்டடி தள்ளி மண்ணில் நின்றுகொண்டு, "கோட்ல இருக்கு மேடம்!" என்று மாவீரனைப் போலக் கத்தினேன். புழுதியில் அவருக்கு என் கால் தெரியவில்லை. நாள் முழுக்க அப்படித்தான்.

அடுத்த வாரம் சிவப்புப் பெயிண்டோடு போனோம். ரோட்டுக்கு இடம் இரண்டடி போதவில்லையாம்; வீடுகளை இடித்து எடுக்க வேண்டுமாம். முதல் சுவரில் நானே குறி போட்டேன். உள்ளே பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெண் மாவுக் கையோடு வெளியே வந்தாள். "இந்தச் சுவர் போனா அடுப்ப எங்கண்ணா வெப்பேன்?" என்று மராட்டியில் கேட்டாள். எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடிதான் இருந்தது. பிரஷைப் பெயிண்ட் டப்பாவுக்குள் போட்டேன். அதுவரை லாரிக்கு மட்டும்தான் பயந்திருந்தேன்.

"மேடம், நான் கோட்ல நிக்கல. பயந்துக்கிட்டு மண்ணுல நின்னேன்."

"ஏனுங்ண்ணா, எல்லா அளவுமா?"

"எல்லாந்தான். ஒரே மாதிரி செஞ்சேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வாங்க, எல்லாத்தையும் மறுபடி அளக்கலாம்" என்றார்.

நாடாப் பெட்டியை அந்தப் பெண்ணே தன் சுவரில் அழுத்திப் பிடித்தாள். மேடம் சிவப்புக் கொடியோடு எனக்குப் பின்னால் லாரிகளைப் பார்த்து நின்றார். "நீங்க பூஜ்யத்தப் பாருங்க. லாரிய நான் பாத்துக்கறனுங்க." இன்னொரு கையால் என் முதுகுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். குனிந்து வளையத்தைக் கோட்டில் வைத்தேன். ஹாரன் காதைக் கிழித்தது. கண்ணை மூடினேன், வளையத்தை மட்டும் விடவில்லை. சட்டை நடுங்கியது. நான்தான் நடுங்குகிறேன் என்று நினைத்தேன். இல்லை, மேடத்தின் கை.

காகிதத்தில் இரண்டடி திரும்பி வந்தது. சுவரும் பிழைத்தது.

இப்போது அங்கே ரோடு இருக்கிறது. மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். வெளுத்துப்போன சிவப்புக் குறிக்குப் பின்னால் பாக்ரி தட்டும் சத்தம் கேட்கிறது. அந்த ரோட்டில்தான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அறுந்துபோன பழைய நாடாவின் வளையம் என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் லாரி ஹாரன் அடித்தால் இன்றைக்கும் என் கை அதைத்தான் தேடும். முதுகுச் சட்டையை யாராவது பிடிக்கிறார்களா என்று ஒரு கணம் காத்திருப்பேன்.