இரண்டு கல்லும் என் வேலையும்

மழை விட்டதும் எங்கள் நெருள் குடியிருப்பில் புல் வெட்டும் மெஷினை ஓட்டுவார்கள். அந்தப் பச்சை வாசனைக்காக எல்லோரும் பால்கனிக்கு வருவார்கள். நான் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன். சிரிக்காதீர்கள். அந்த வாசனை வந்தால், வேலை போய்விடும் என்ற பழைய பயம் இன்றும் வந்துவிடுகிறது.

செம்பூர் தாண்டி ஒரு பழைய கோல்ஃப் கிளப்பில் அப்போது குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. தாராவியில் ஒற்றை அறை, மனைவி பிள்ளைத்தாச்சி. வேலை போனால் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். கோல்ஃபைப் பற்றி நான் அறிந்ததெல்லாம், பெரிய மனிதர்கள் பந்தைத் தூர அடித்துவிட்டு அவர்களே தேடிக்கொண்டும் போவார்கள் என்பதுதான்.

அந்த வருட ஆண்டு விழாவுக்கு, மைதானத்தை வடிவமைத்தவர் பெயரைக் கல்லில் பொறித்து நடுவதென்று முடிவானது. யார் அவர் என்பதில்தான் தகராறு. ஒரு வெள்ளைக்காரத் துரை என்றார் கிளப் தலைவர். துரை வந்து டீ குடித்துவிட்டுப் போனதோடு சரி, மேடு பள்ளமெல்லாம் போட்டது என் தாத்தாதான் என்றார் கிளப்பின் ஆட்டங்களைக் கவனிக்கும் பார்ஸி காப்டன். ஆளுக்கொரு கல்லைச் செய்து அனுப்பிவிட்டார்கள்.

தலைவர் என்னைக் கூப்பிட்டு, "சுக்ரவார் கோ மேரா பத்தர் லக்னா சாஹியே" என்றார். வெள்ளிக்கிழமை விழாவில் அவர் கல்தான் நிற்க வேண்டுமாம். வெளியே வந்தால் காப்டன் நிற்கிறார். "வோ பத்தர் லகா, தோ தேரா நௌக்ரி கயா!" தலைவர் கல்லை நட்டாலும் வேலை போகும், நடாவிட்டாலும் போகும்.

வியாழக்கிழமை சாயங்காலம், என்ன செய்கிறோம் என்றே தெரியாத பயத்தில், இரண்டு கல்லையும் தள்ளுவண்டியில் கொண்டுபோய் மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. "என்னங்க, காய்ச்சலா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன்.

விடிந்தால் ஆடி வெள்ளி என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. களை பறிக்க மான்குர்திலிருந்து வரும் நம் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் மறக்கவில்லை. நான் போனபோது இரண்டு கல்லும் நடப்பட்டு நின்றன. முதுகெல்லாம் மஞ்சள், குங்குமம், வேப்பிலை. தேங்காய்கூட உடைத்தாகிவிட்டது.

"ஏ தம்பி, கேக்காமலே நீயா கல்லு கொண்டாந்து போட்டுட்டியே, நல்லாருப்பல!" என்றாள் அவர்களில் மூத்தவளான இசக்கியம்மாள். "எழுத்து இருக்க பக்கத்த மரத்துக்குத் திருப்பிட்டோம். அக்காவும் தங்கச்சியுமாட்டு எப்படி நிக்காவ பாரு."

தலைவரும் அவர் மனைவியும் காப்டனும் வந்துகொண்டிருந்தார்கள். பின்பக்கமாகப் பார்த்து எது யார் கல் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பிடுங்கி எறியச் சொல்லி "நிகாலோ" என்று தலைவர் வாயெடுப்பதற்குள், அவர் மனைவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டார். காப்டன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். பிறகு இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! விழாவில், நம் முன்னோர்கள் அமைத்த மைதானம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசி முடித்தார்கள்.

வேலை தப்பியது, பயம் போகவில்லை. யாராவது கல்லைத் திருப்பிவிட்டால் பழைய சண்டை கிளம்பி என் தலையில்தான் விடியும் என்று, ஓய்வு பெறும்வரை அந்த மரத்தின்மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

சமீபத்தில் பழைய சகா ஒருவர் போனில் சொன்னார், வண்டிப் பாதைக்காக அந்த வேப்பமரத்தை வெட்டிவிட்டார்களாம். "கல்லு? எழுத்தைப் பாத்துட்டாங்களா? என்ன சொன்னாங்க?" என்றேன்.

"யார் சார் பாக்கப்போறா? கல்லு எங்க போச்சுன்னே தெரியல. தலைவர் குடும்பம் வெளிநாட்டுல. காப்டன் போய்ச் சேந்தாச்சு. களைக்கு இப்ப மருந்து அடிச்சுடறாங்க, அந்தப் பொம்பளைங்களும் வர்றதில்ல."

கீழே புல் வெட்டும் மெஷின் சத்தம் கேட்டது; போனை வைத்துவிட்டு வழக்கம்போல் ஜன்னலைச் சாத்தப் போனேன். என்னை வேலையை விட்டுத் துரத்துவதற்குக்கூட அங்கே இப்போது ஒருவரும் இல்லை.