வாபஸ் வாங்க முடியாத வேண்டுதல்

போன வருடம் புரட்டாசியில், விருதுநகர் மாவட்டத்துக்கு வர வேண்டிய மழையைத் தடுத்து வைத்திருப்பது நான்தான் என்று நம்பினேன். அரைகுறையாக அல்ல, முழு மனதோடு நம்பினேன். இன்று இதைச் சொல்லிச் சிரிக்க முடிகிறது. அன்று தூக்கம் போனது.

இதில் முதல் வேடிக்கை, எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்பது. திருத்தங்கலில் நான் வழக்கமாக நின்று டீ குடிக்கிற கடையில் பாய்லருக்குக்கூட அது தெரியும். "இருக்காருன்னா காட்டுங்க" என்பது என் கட்சி. "இல்லேன்னா நீங்க காட்டுங்க அண்ணாச்சி" என்பது பாயின் கட்சி. பாய் எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி கொடுக்கிற வியாபாரி. வருடக்கணக்காக இரண்டு பேரும் எதையும் காட்டவில்லை. டீதான் ஆறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வேடிக்கை என் பிழைப்பு. எம். புதுப்பட்டிப் பக்கம் கம்பி மத்தாப்பு செய்கிற கம்பெனியில் நான் மேனேஜர். கம்பிகளை மரச் சட்டத்தில் வரிசையாகக் குத்தி, மருந்துக் குழம்பில் முக்கி, வெயிலில் காய வைக்க வேண்டும். காய்ந்ததும் மறுபடி முக்கி, மறுபடி காய வைக்க வேண்டும். மேனேஜர் என்று கதவில் எழுதியிருந்தாலும் அங்கே உண்மையான மேனேஜர் சூரியன். அவர் லீவு போட்டால் எனக்கு வேலை இல்லை. தீபாவளிக்கு முந்தின புரட்டாசி எங்களுக்கு உச்ச சீசன். அந்த மாதத்தில் கிழக்கே கொஞ்சம் கறுத்தால்கூட எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அதே புரட்டாசியில்தான் என் அக்கா வீட்டுக்காரர், மச்சான், மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் விதைப்பார். சூலக்கரையைத் தாண்டி உள்ளே போனால் அவர்கள் ஊர். கிணறு கிடையாது. மேலே இருந்து விழுந்தால்தான் தண்ணீர். ஆக, மழை வேண்டும் என்று அக்கா மாவிளக்கு எடுக்கிற அதே மாரியம்மனுக்கு, மழை வேண்டாம் என்று என் முதலாளி பொங்கல் வைப்பார். இதை நான் டீக்கடையில் பெரிய அஸ்திரமாக வைத்திருந்தேன்.

"பாய், ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்ட எதிரும் புதிருமா மனுக் குடுக்காங்க. எது நடந்தாலும் ஒருத்தருக்குச் சாமி இருக்குன்னு ஆயிரும். தோக்கவே முடியாத கேசு இது."

பாய் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "சரி, தோத்தவரு கும்பிடுறத விட்டுட்டாராக்கும்?"

அன்றைக்குப் பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றினேன்.

வினை ஒரு மத்தியானத்தில் ஆரம்பித்தது. முக்கி எடுத்த சட்டங்கள் அத்தனையும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது காற்று திரும்பியது. நிமிர்ந்து பார்த்தால் வானம் எருமை மாதிரி நிற்கிறது. 'வளாகத்துக்குள் ஓடக் கூடாது' என்று நானே எழுதி மாட்டிய போர்டுக்குக் கீழே நான் ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ போனது. பெண்கள் பதறாமல் ஆளுக்கொரு சட்டமாக உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க கத்துற காத்துலயே அம்புட்டும் காஞ்சிரும்," என்றார் ஒரு அம்மா. "இப்பம் கொஞ்சம் வழிய விடுங்க."

பாதி உள்ளே போனது. பாதி நனைந்தது. சாயங்காலம் முதலாளி வந்து, நனைந்த சட்டங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காரில் ஏறிப் போனார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மனைவியைக் கோயிலுக்குப் பைக்கில் கொண்டுபோய் விடுவது என் கடமை. அவள் உள்ளே போவாள், நான் வெளியே செருப்புகளுக்குக் காவல் நிற்பேன். அது எனக்கும் சாமிக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம். அன்று தூறிக்கொண்டிருந்ததால் மண்டபத்துக்குள் ஒதுங்கினேன். அப்படி ஒதுங்கியதில் மாரியம்மனுக்கு நேருக்கு நேராக நின்றுவிட்டேன். யாரும் கேட்காமலே மனதுக்குள் ஒரு வாக்கியம் கிளம்பியது. 'தீபாவளி லோடு ஏறுற வரைக்கும் மழைய நிறுத்து தாயே, மொட்டை போடுறேன்.'

என் முடியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். உச்சியில் வெட்டவெளி. சுற்றிலும் மட்டும் வேலி போட்ட மாதிரி கொஞ்சம் மிச்சம். அதற்கும் மாதம் தவறாமல் டை அடிக்கிறவன் நான். அதாவது, நான் கொடுப்பதாகச் சொன்னது சின்னப் பொருள் அல்ல.

திரும்பி வந்த மனைவி என் முகத்தையே பார்த்தாள். "என்னங்க, ஒதடு அசையுது?"

"பல்லு வலி."

"பல்லு வலிக்குக் கையக் கூப்புவாகளா?"

மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். சட்டங்கள் மொறுமொறுவென்று காய்ந்தன. தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சொல் அது. எது நடந்தாலும் பொருந்தும். பாயின் கட்சி தோற்காத கேஸ் என்று கேலி செய்தேனே, என் கட்சியும் அப்படித்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. உறைக்க நேரமும் இல்லை. லோடு ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு வானிலை அறிக்கை மழை என்றது. வரவில்லை. மறுபடியும் மழை என்றது. மறுபடியும் வரவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வானிலை பார்ப்பதற்காக நான் வாசலுக்கும் களத்துக்கும் நடந்த நடையைப் பார்த்து வாட்ச்மேன் கேட்டார்: "என்ன சார், வீட்ல ஆருக்கும் பிரசவமா?"

அந்த வாரத்தில்தான் மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, மொத மழைக்கு நல்லா மொளச்சு நின்னுச்சு. இப்பம் இலையெல்லாம் சுருளுது. இன்னும் ஒரு வாரம் போனா தாங்காது. இந்தத் தடவையும் போச்சுன்னா காட்டக் குத்தகைக்கு விட்டுட்டு உங்க கம்பெனிக்கு லோடு ஏத்த வந்துர்றேன். எடம் இருக்குமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அவர் முடிவு பண்ணிய விஷயங்களைத்தான் சிரித்துக்கொண்டு சொல்வார். அக்காவைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அந்தக் காட்டைத் தவிர வேறு எங்கும் வேலைக்குப் போகாத மனிதர். அவர் லாரியில் பெட்டி ஏற்றுவதையும், பக்கத்தில் நான் மேனேஜராக நிற்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். முழங்கால் உயரத்துக்குச் சோளம். இலைகள் குழாய் மாதிரி சுருண்டு நின்றன. மண்ணில் கால் வைத்தால் மொரமொரவென்றது. என் மத்தாப்பு காய்ந்த அதே பதம். மச்சான் வரப்பில் நடந்துகொண்டிருந்தார். அக்காதான் பேசினாள்.

"எவன் என்ன நேந்துக்கிட்டானோ, மேகம் எல்லைக்கு வந்து எல்லையோட போகுது."

எனக்குக் காது அடைத்தது. "அப்படியெல்லாம் ஒருத்தன் நேந்தா நின்னுருமாக்கா?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"ஏலே, நீ ஒரு தடவை கும்பிட்டுப் பாரேன். நாங்க தெனமும் போயி நிக்கோம், பழகிப் போச்சு. கும்பிடாதவன் நீ போயி நின்னா, இது எங்கன இருந்து வந்துச்சுன்னு ஆச்சரியப்பட்டாவது சாமி திரும்பிப் பாக்கும்."

என் பயத்துக்கு அக்கா தன்னை அறியாமலே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். அதுதான் நடந்திருக்கிறது! தினமும் வருகிறவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுப் புது வாடிக்கையாளரை முதலில் கவனிக்காத கடை உண்டா? எனக்குத் தனிக் கவனிப்பு நடந்துகொண்டிருக்கிறது. இந்த மாவட்டத்தின் மேகங்களையெல்லாம் என் ஒருவனுக்காக ஒரு பொம்பளை சேலை முந்தானையால் விசிறித் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

பைக்கில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். வேண்டுதலை வாபஸ் வாங்கினால், சாமி இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். வாங்காவிட்டால் சோளம் போய்விடும். கொள்கையா சோளமா? இதற்கு விடை தேடி நான் போய் நின்ற இடம் பாயின் குடோன்.

"பாய், என் சிநேகிதர் ஒருத்தர்..." என்று ஆரம்பித்தேன்.

"சிநேகிதருக்கும் உச்சியில முடி கெடையாதாக்கும்," என்றார் பாய். என் மனைவி அவர் வீட்டில் பல்லு வலிக் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அட்டைக் கட்டில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்பம் இத்தன வருசமா டீக்கடையில எங்கூட மல்லுக்கட்டுனது ஆரு அண்ணாச்சி?"

"அது வேற பாய். அது விவாதம். இது சோளம்."

பிறகு அவர் ஒரு செய்தி சொன்னார். வெள்ளிக்கிழமை மைதானத்தில் மழைத் தொழுகை இருக்கிறது. அவரும் போகிறார். அதில் கையை ஏந்தாமல், புறங்கை வானத்தைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்துப் பிடித்துக் கேட்பார்கள் என்று செய்தும் காட்டினார்.

"மழை வந்தா உங்க அட்டை?"

"தார்ப்பா போட்டாச்சு. வானிலைக்காரன் தாழ்வு மண்டலம்னு சொல்லிட்டான்ல."

"அவன் சொல்லிட்டான்னா பெறகு தொழுகை எதுக்கு பாய்?"

பாய் சணல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மழைக்குத் தெரியும் அண்ணாச்சி எப்ப வரணும்னு. நமக்குக் கேக்கத் தெரியணும்ல? விட்டா கேக்குறதே மறந்து போகும்." பிறகு நிமிர்ந்து, "கேக்குறதோட என் வேலை முடிஞ்சிருது. நீங்கதான் குடுக்குற வேலையையும் நீங்களே பாக்கணும்னு அலையுறீக," என்றார்.

நிரூபிக்கவும் முடியாத, மறுக்கவும் முடியாத பேச்சு. ஆனால் அவர் நன்றாகத் தூங்குகிறவர் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்தத் தூக்கம் இல்லை.

நேராகக் கோயிலுக்குப் போனேன். பூசாரி மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சாமி, நேந்துக்கிட்டத வாபஸ் வாங்க முடியுமா?"

"நெறைவேறலையா?"

"நெறைவேறிக்கிட்டு இருக்கு. அதான் பிரச்சனை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேந்தத மறந்துட்டு வருவாக. கொறச்சுக்கிடலாமான்னு வருவாக. குடுத்தது போதும் நிறுத்துன்னு வந்தது நீங்கதான்." சாவிக்கொத்தை மடியில் சொருகிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "போட வேண்டிய மொட்டைய இப்பவே போட்டுருங்க. குடுக்கல் வாங்கல் முடிஞ்சிரும்."

போட்டேன். நாவிதர், "அண்ணாச்சி, இதுல எடுக்குறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டதைத் தவிரச் சடங்கு நல்லபடியாக நடந்தது.

அதன் பிறகு எல்லோரும் என் தலையில் அவரவர் வேண்டியதை எழுதிக்கொண்டார்கள். கம்பெனிக்காகப் போட்ட மொட்டை என்று முதலாளி முதல் தடவையாக என் தோளில் கை போட்டார். கடைசியில் நான் திருந்திவிட்டதாக மனைவி முடிவு செய்தாள். மழைக்காகப் போட்டேன் என்று நினைத்த அக்கா, போனில் அழுதுவிட்டாள். "கும்பிடாத புள்ள, எங்களுக்காக" என்று அவள் சொன்னபோது, இல்லையக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. மழையை நிறுத்தச் சொன்னவன் நான், வரச் சொன்னவனும் நான் என்று எப்படிச் சொல்வது?

மொட்டை போட்ட பிறகும் வெயில் அடித்தது. பாயின் தொழுகை முடிந்த பிறகும் அடித்தது. அப்படியானால் மழை நின்றதற்கு நான் காரணமில்லை என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். முடியையும் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்தால் என்ன அர்த்தம்? கோயிலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். இல்லாத ஒருத்தியோடு அப்படிச் சண்டை போட்டது இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஒரு நாள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "உங்களுக்குள்ள என்ன பேச்சுவார்த்த இல்லையா?" என்று கேட்டாள்.

தாழ்வு மண்டலம் ஐப்பசி பிறந்து சில நாள் கழித்து வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. எங்கள் கடைசி லோடு, நான் வேண்டிக்கொண்ட கணக்குப்படியே, அதற்கு முந்தின நாள் ஏறியிருந்தது. மச்சானின் மேட்டுக் காட்டுச் சோளம் அதற்குள் கருகிவிட்டது. பள்ளத்தில் இருந்தது பிழைத்தது. மேட்டை உழுது போட்டு அவர் மறுபடியும் விதைத்தார். எங்கள் கம்பெனிக்கு லோடு ஏற்ற வரவில்லை.