முதுகுத் தாளில் ஒரு மந்திரவாதி

காளவாசலுக்கு மேற்கே ஒரு சந்தில், புத்தகங்களுக்கு அட்டை கட்டிப் பிழைத்துவந்தாள் சுகிர்தம். தொழில் அவளுடைய கணவர் ஞானாபரணத்தினுடையது. 1983ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், திருமங்கலம் பேருந்தில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் தோளைத் தொட்டு எழுப்பியபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், சுகிர்தம் மைதாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் இட்டுப் பசை காய்ச்சினாள். அவள் அழவில்லை. சபையில் சிலர் அதைத் திடமான விசுவாசம் என்றனர்; வேறு சிலர் கல்நெஞ்சு என்றனர். இரண்டுமே யாரோ ஓர் அயல்வீட்டுக்காரியைப் பற்றிய பேச்சாகத்தான் அவள் காதில் விழுந்தன.

அவளிடம் வந்த புத்தகங்கள் இரண்டு வகை. ஒன்று, சபையாரின் வேதப்புத்தகங்களும் பாட்டுப் புத்தகங்களும். மற்றொன்று, வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளை வெட்டியெடுத்து, வாரம் தவறாமல் அடுக்கி, ஒரே நூலாகக் கட்டித் தரச் சொல்லி வீட்டுப் பெண்கள் கொண்டுவருபவை. அந்நாளில் மாயாஜாலத் தொடர்களுக்குத்தான் மவுசு அதிகம். மண்டையோட்டு மாலை அணிந்த மந்திரவாதியும், கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனும், ஏழு கடல் தாண்டிச் சிறையிருக்கும் ராஜகுமாரியும், வேதப்புத்தகங்களின் மீதே அடுக்கப்பட்டு, ஒரே பலகையின் கீழ் இறுகிக் கிடந்தனர். ஞானாபரணம் அதில் ஒரு குற்றமும் கண்டதில்லை.

ஆனால் சபைப் போதகர் வேதமாணிக்கம் கண்டார். சபையார் அவரை ஐயர் என்றே அழைப்பர். அந்த ஆண்டு தை மாதத்தில், ஞானாபரணம் இருக்கும்போதே, ஊரெல்லையில் வந்திறங்கிய டூரிங் டாக்கீஸ், ஒன்றன்பின் ஒன்றாக மாயாஜாலப் படங்களையே ஓட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாள் பள்ளி முடிந்து ஐயர் வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் ஒரு சிறுமி செத்தவள்போலக் கிடந்தாள், இன்னொருத்தி விளக்குமாற்றை அவள் தலைமேல் சுற்றி, "க்ரீம்! ஹ்ரீம்!" என்று உயிர்கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஐயரின் பிரசங்கங்கள் அதனைச் சுற்றியே வந்தன. மந்திரக் கதை விளையாட்டுப் பொருளன்று, அது சாத்தான் வீட்டுக்குள் நுழையும் புழைக்கடைக் கதவு என்றார். அத்தகைய படம் பார்ப்பதில்லை, கதை படிப்பதில்லை என்று பிள்ளைகளிடம் அட்டைகளில் கையெழுத்து வாங்கினார். "வேதத்துல கோலு பாம்பாச்சே, அது மட்டும் என்ன ஐயா?" என்று கேட்ட ஒரு பையனுக்கு, "அது தேவ வல்லமை, இது வித்தை" என்று பதில் சொன்னார். பையன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

சித்திரையில், பீடத்திலிருந்த பெரிய வேதப்புத்தகத்தைக் கணவரின் நினைவாகப் புதிதாகக் கட்டித் தந்தாள் சுகிர்தம். புத்தகத்தின் முதுகு உறுதியாக நிற்க, தோலுக்கு உட்புறம் ஒரு தாளை மடித்து ஒட்ட வேண்டும். வெளிப்பார்வைக்கு அது தெரியாது. அதற்கென்றே ஞானாபரணம் பள்ளிக்கூடத்துப் பழைய விடைத்தாள்களை வாங்கிவைத்திருப்பார். அன்று அவை தீர்ந்திருந்தன. திருநகர் பாலாம்பாள் மாமி கொடுத்த தொடர்கதைக் கட்டில் ஓர் இதழ் மட்டும் இரண்டு பிரதி இருந்தது. மிஞ்சிய பிரதியிலிருந்து கைக்கு வந்த பக்கத்தைக் கத்தரித்து, சுகிர்தம் ஒட்டிவிட்டாள்.

ஆவணியில் மகள் எப்சிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை திருமங்கலத்துச் சபையைச் சேர்ந்தவர். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் இருவர் பெயரையும் சபையில் அறிவித்து, எவருக்கேனும் தடை உண்டா என்று கேட்க வேண்டும். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மாப்பிள்ளையின் சபையில் தாலி ஏறாது. இரண்டாம் ஓலை வாசித்து முடித்த ஐயர், பிரசங்கத்துக்காகப் பீடத்துப் புத்தகத்தைத் தூக்கினார். பசை போதாத முதுகு பிளந்து, உள்ளிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது.

ஆராதனை முடிந்தபின் பக்கத்து அறையில் கூடினார்கள். புத்தகம் மேசைமேல் கிடந்தது.

"தொடாதீக! யாரும் கைய வச்சுராதீக!" என்று கத்திய மூப்பர் பேச்சிமுத்து, காணிக்கைப் பையின் நீண்ட கம்பால் அந்தத் தாளை நெம்பி வெளியே எடுத்தார். மந்திரவாதி முழுவதுமாக வெளிப்பட்டான். அவன் காலடியில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் எழுத்துகள்.

"மூப்பரே, இது பத்திரிகைப் படம். திருப்பிப் பாரும், தலைவலி மாத்திரை விளம்பரம்" என்றார் ஐயர்.

"தகட்டுக்குப் பின்னாடி என்ன இருந்தா என்னங்கய்யா, முன்னாடிதான விசயமே. எங்கப்பன் கோடாங்கி அடிச்சவரு. மறைவா வைக்கிறது, கட்டம் போடுறது, எழுத்து எழுதுறது, இம்புட்டும் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? இது செய்வினை. சித்திரையில இது பீடம் ஏறுச்சு. வைகாசியில என் பசு செத்துச்சு. ஆனியில உபதேசியார் வீட்டுக் கூரை காத்துல போச்சு."

"உம்ம பசு பாலித்தீன் பையத் தின்னுட்டுல்லய்யா செத்துச்சு" என்றார், ஐயருக்கு உதவியாக ஊழியம் செய்துவந்த உபதேசியார்.

"அதத் திங்கச் சொன்னது யாரு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயர் சுகிர்தத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் ஒட்டினீங்களா?"

அவள் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழைந்தது நினைவிருந்தது. பசையின் குளிர்ச்சி நினைவிருந்தது. தாளில் இருந்தது எழுத்தா, படமா, ஒன்றுமே இல்லையா என்பது மட்டும் நினைவில் இல்லை.

"தெரியலங்கய்யா."

"பாக்கலன்னு சொல்லுங்க, போதும்."

"அதுதாங்கய்யா தெரியல."

பேச்சிமுத்து கம்பைத் தரையில் தட்டினார். "பாத்தீகளா? இல்லைன்னு ஒரு வார்த்த வருதா வாயில?"

முடிவில் ஐயர் ஒரு வழி சொன்னார். புதன்கிழமை மாலை கமிட்டி கூடும். தான் அறியாமல் செய்ததாக அவள் கமிட்டி முன்னால் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள மந்திரக் கதைகளையெல்லாம் கொண்டுவந்து சபை வாசலில் எரிக்க வேண்டும். அதுவரை மூன்றாம் ஓலை வாசிக்கப்படாமல் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் எப்சி தாயின் எதிரே உட்கார்ந்தாள்.

"பாக்கலன்னு சொன்னா ஒனக்கு என்னம்மா கொறஞ்சு போகும்?"

"பாத்தேனா இல்லையான்னு எனக்கே தெரியாதுடி. கை வேலை செஞ்சுச்சு. நான் எங்க இருந்தேன்னு தெரியல."

"அப்ப என் ஓலை?"

சுகிர்தம் மகளின் முகத்தில் கண்ணீர் இறங்குவதை, மழை நேரத்தில் சன்னல் கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்காக நெஞ்சு பதற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பதறுவது எப்படி என்பதுதான் மறந்துபோயிருந்தது.

செவ்வாய்க்கிழமை, பாலாம்பாளின் மூன்று தொகுதிகளையும் துணிப்பையில் கட்டிக்கொண்டு திருநகருக்குப் பேருந்து ஏறினாள். அவை அவளுடையவை அல்ல; பிறர் பொருளை எரிக்கத் தனக்கு உரிமையில்லை என்பதில் மட்டும் அவளுக்கு ஐயமே இருக்கவில்லை. நடந்ததைக் கேட்ட பாலாம்பாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எரிக்கறதாவது! மூணு வருஷமா வாராவாரம் வெட்டி வெச்சதுடி. வெட்டறதுக்குள்ள எங்காத்துக்காரர் அதுல சுண்டல் மடிச்சுடுவாரோன்னு காவல் காத்திருக்கேன். சரி, நான் ஒண்ணு கேக்கறேன். அந்த மந்திரவாதிக்கு அவ்வளவு சக்தி இருந்தா, ஒரே ஒரு ராஜகுமாரியைக் கல்யாணம் பண்ணிக்க மூணு வருஷமா ஏன் திண்டாடறான்? ரேஷன் கடைக்குப் போற எங்காத்துக்காரரே அவனைவிடச் சீக்கிரம் காரியத்தை முடிச்சுண்டு வந்துடறார்."

சுகிர்தத்தின் உதடு சற்றே அசைந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

பாலாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணு கல்யாணம். ஒரே ஒரு பொய் சொல்லிட்டு வாயேன். உங்க சாமி மன்னிக்கிறவர்தானே?"

"அது பொய்யான்னே எனக்குத் தெரியாது மாமி. தெரிஞ்சா மன்னிப்புக் கேட்டுக்குவேன்."

புதன்கிழமை அவள் வெறுங்கையுடன் போனாள். புத்தகங்களை உரியவளிடம் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். பார்த்தேனா இல்லையா என்பது இன்னமும் நினைவுக்கு வரவில்லை என்றும் சொன்னாள். கமிட்டியார் சலசலத்தனர். சலசலப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, "ஐயா, அந்தத் தாளுக்குச் சக்தி இருக்காங்கய்யா?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

ஐயர் மேசைமேல் கட்டிவைத்திருந்த, பிள்ளைகளின் கையெழுத்து அட்டைகளைப் பார்த்தார். பிறகு பேச்சிமுத்துவைப் பார்த்தார். ஐயரின் முகம் களைத்திருந்தது.

"இருக்குன்னு சொன்னா, சபை முழுக்க நாளைக்கே வீட்டு வீட்டுக்குத் தகடு தேட ஆரம்பிச்சிரும். இல்லேன்னு சொன்னா, பிள்ளைக திரும்ப டாக்கீசுக்குப் போயிரும். வித்தைக்குச் சக்தி உண்டுன்னுதான் ஆறு மாசமா நான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேனான்னு எனக்கே இப்பத்தான்மா தெரியுது." அட்டைக் கட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "நான் வாசிச்ச புஸ்தகம் அது. எனக்கு ஒண்ணும் ஆகல. அது வரைக்கும்தான் என்னால சொல்ல முடியும்" என்றார்.

"பின்ன சும்மா விட்டுறதா?" என்றார் பேச்சிமுத்து. "ஒழுங்கு நடவடிக்கைன்னு ஒண்ணு வேணுமா இல்லையா? பொம்பளப் பிள்ள ஓலையும் நிக்கணும்."

"ஓலை மகளோடது மூப்பரே. அது நிக்காது" என்றார் ஐயர்.

பேரம் நெடுநேரம் நடந்தது. தாயை ஆறு மாதம் திருவிருந்திலிருந்து விலக்கிவைப்பது, மகளின் ஓலையை வாசித்துவிடுவது என்று முடிந்தது. திருமண ஆராதனையில் திருவிருந்தும் உண்டு. மணமக்களோடு அவர்களைப் பெற்றவர்களும் பீடத்தண்டை முழந்தாளிட்டு அப்பமும் திராட்சை இரசமும் பெறுவது வழக்கம். அந்த இடம் சுகிர்தத்துக்கு இல்லை. ஐயர் அதைச் சொல்லும்போது அவளை நேராகப் பார்க்கவில்லை. அவள் சம்மதித்தாள். குறிப்பேட்டை அவள் பக்கம் நகர்த்தினார்கள். படித்துப் பார்த்துவிட்டு, எழுதுகோலைத் தொடாமல் நின்றாள்.

"அறிந்து ஒட்டினாள்னு எழுதியிருக்குங்கய்யா."

"எப்படி எழுதணுங்கிற?" என்றார் பேச்சிமுத்து.

"நினைவில்லைன்னு எழுதுங்க."

"இம்புட்டு நேரம் பேசிட்டு, இதுல வந்து நிக்கிறியே தங்கச்சி!"

அவள் நின்றாள். கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. வெளியே இருட்டிவிட்டது, உபதேசியார் எழுந்து விளக்கைப் போட்டார். கடைசியில் ஐயரே அந்த வரியை அடித்துவிட்டுத் தம் கையால் வேறு வரி எழுதினார். அவள் கையெழுத்திட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் இடம் பிடித்தாள். எப்சி அருகே அமர்ந்தாள். ஐயர் மூன்றாம் ஓலையை வாசித்தார்: "காலஞ்சென்ற ஞானாபரணம், சுகிர்தம் ஆகியோரின் மகள்..." தடை ஏதேனும் உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் நிறுத்தியதாகத் தோன்றியது. எப்சியின் கை தாயின் மணிக்கட்டைப் பற்றி இறுக்கியது. முன்வரிசையில் பேச்சிமுத்துவின் பிடரி அசையாமல் இருந்தது. ஒருவரும் பேசவில்லை. ஐயர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அன்றும் திருவிருந்து இருந்தது. பாட்டு எழும்பியதும் மக்கள் எழுந்து வரிசையாகப் பீடத்தை நோக்கி நடந்தனர். எப்சி எழவில்லை.

"போடி" என்றாள் சுகிர்தம்.

"நீ வராம எப்படிம்மா?"

"கல்யாணத்தன்னைக்கும் நான் பீடத்துக்கு வரப்போறதில்ல. இப்பவே பழகிக்க. போ."

எப்சி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். அவளைத் தொடர்ந்து அந்தப் பெஞ்சில் இருந்த மற்றவர்களும் எழுந்தனர். அவர்கள் கடந்து போவதற்கு வசதியாக, சுகிர்தம் கால்களைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டாள். எல்லாரும் போகும்வரை அப்படியே இருந்தாள். அவர்கள் திரும்பி வந்தபோது மறுபடியும் ஒதுக்கிக்கொண்டாள்.