மங்கம்மா கதவைத் திறக்கும் நேரம்

பதினோரு வருஷமாக எனக்கு ஒரு பேர் இருக்கிறது: ஓடினவன். வைத்தவள் மங்கம்மா. வைத்த இடம், அவள் புருஷன் அர்ச்சுனனைக் கிடத்தியிருந்த பந்தல். தோட்டத்து ஜனமெல்லாம் உட்கார்ந்திருக்க, என்னைக் கை நீட்டிக் காட்டி, "கூட நின்ன இவன் ஓடிட்டான்" என்றாள். நான் ஓடியது உண்மை. எதற்கு ஓடினேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தம்பின் டவுனிலிருந்து கெமாஸ் போகும் ரோட்டில், உள்ளே நாலு மைல் தள்ளி எண்ணெய்க்குப் பயிரிடும் எங்கள் செம்பனைத் தோட்டம். நானும் அர்ச்சுனன் அண்ணனும் ஒரே நிரையில் குலை வெட்டிக்கொண்டிருந்தோம். அவர் அரிவாள், மட்டைக்குள் இருந்த குளவிக் கூட்டில் பட்டது. கூட்டமே கறுப்பாக இறங்கியது. நான் ட்ராக்டர் நின்ற பக்கம் ஓடினேன். என் முதுகிலும் பதினேழு கொட்டு. ட்ராக்டரை ஓட்டிக்கொண்டு திரும்பியபோது அண்ணன் மல்லாந்து கிடந்தார். உயிரோடு டவுன் போய்ச் சேரவில்லை.

அந்தப் பேரோடு தோட்டத்தில் இருக்க முடியாமல் தம்பினுக்குப் போனேன். ஏர்கான் மாட்டுவது, கேமரா மாட்டுவது. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வயர் இழுக்கத் தெரியும், ஏணி ஏறத் தெரியும். மிச்சத்தை ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டேன்.

இந்த மழைக்காலத்தில் ரோகினி போன் செய்தாள். மங்கம்மாவின் ஒரே மகள். சுங்கை காடுட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை, அங்கேயே ரூம்.

"புனிதன் மாமா, அம்மா வீட்டுக்கு கேமரா வாங்கிப் போட்டேன். வைஃபை விட்டு விட்டு வருது. ரிப்பேர் ஆளுங்க தோட்டத்துக்குள்ள வர பயப்படறாங்க. நீங்க போய்ப் பாருங்களேன்."

"என்னா பயம்?"

"உங்களுக்குத் தெரியாதா? கறுப்புப் புலி மாமா. நம்ம கன்னுக்குட்டிய இழுத்துட்டுப் போயிடுச்சு."

புலியில்லை, கருஞ்சிறுத்தை. வனவிலங்கு இலாகா ஆட்கள் வந்து கூண்டு வைத்திருந்தார்கள். கூண்டுக்குள் கட்டிய ஆடு பத்து நாளாக உயிரோடு கத்திக்கொண்டிருந்தது.

நான் போனபோது மங்கம்மா கொல்லையில் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அர்ச்சுனன் அண்ணனின் முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ். ஐம்பத்தாறு வயசு. எட்டு மாட்டைத் தனி ஆளாகக் கறந்து, மோட்டார் சைக்கிளில் கேன்களை மாட்டிக்கொண்டு, ஆறரைக்குள் தம்பின் சாப்பாட்டுக் கடைகளில் பால் இறக்கிவிடுவாள். பாலில் தண்ணீர் என்று ஒரு கடைக்காரர் ஒரு தடவை சொன்னதற்கு, அவர் கடைவாசலிலேயே கேனைத் திறந்து ஒரு மூச்சில் பாதியைக் குடித்துக் காட்டியவள். கன்றைச் சுற்றிய மலைப்பாம்பை மண்வெட்டியால் நெம்பி எடுத்தவள்.

"ஓடுனவரு வந்துட்டாரு" என்றாள், மாட்டைப் பார்த்து.

நான் டூல் பையை இறக்கிவிட்டுக் கொல்லையைச் சுற்றிப் பார்த்தேன். பின்வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு இருபது அடி நடை. அதைத் தாண்டி ஒரு கால்வாய். கால்வாய்க்கு அந்தப்பக்கம் செம்பனை, வேலி கிடையாது. கேமரா கொட்டகைத் தூணில் இருந்தது. மோடம் முன்ஹாலில், டிவிக்குப் பின்னால் கிடந்தது. இரண்டு கல்சுவர் தாண்டி சிக்னல் எப்படிப் போகும்? மோடத்தைக் கழற்றி, பின்கட்டு ஜன்னலோரம் காலியாக இருந்த பலகையில் வைத்தேன். அவள் போனில் படம் பளிச்சென்று வந்தது. கொட்டகை, கால்வாய், எட்டு மாடு, ஈ கூடத் தெரிந்தது.

மறுநாள் காலை ஐந்தே காலுக்கு அவளே போன் செய்தாள். கதவைத் திறக்கும் முன்னால் போனில் வெளியே பார்த்துவிட்டுத்தான் திறப்பாள், அதற்குத்தான் கேமரா.

"சுத்துது" என்றாள். "வட்டம்தான் சுத்துது."

"வாட்ஸப் வருதா?"

"அதெல்லாம் வருது. வெளிய என்னா நிக்குதுன்னு மட்டும் வரல."

பகலில் போனேன். படம் பளிச். அடாப்டரை மாற்றினேன், வைஃபை சேனலை மாற்றினேன், கேமராவை ஆஃப் செய்து மறுபடி சேர்த்தேன். நாலு கோடு சிக்னல். மறுநாள் ஐந்தே காலுக்கு வட்டம். மூன்றாம் தடவை போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வினாடி கூட அறுபடவில்லை.

"பகல்ல வேல செய்யற கேமரா எனக்கு எதுக்கு?" என்றாள் மங்கம்மா. "பகல்ல எனக்கே கண்ணு தெரியுதுலா."

சொல்லும்போது சிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றியது. நாலு நாளாக விடிந்த பிறகுதான் கதவைத் திறக்கிறாளாம். பால் லேட். இரண்டு கடை வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு மாட்டுக்கு மடி கட்டிப் போய்க் கல்லாக இருந்தது. தொட்டால் உதைத்தது.

"நாளைக்கு உன் வட்டம் சுத்துனாலும் சரி, சுத்தாட்டியும் சரி, நான் தொறந்துடுவேன். எத்தினி நாளைக்கு உள்ள நின்னு மாடு கத்துறதக் கேக்குறது?"

அதனால்தான் மறுநாள் நாலே முக்காலுக்கு நான் அந்த நாலு மைலும் மோட்டாரில் போனேன். தைரியத்தில் போகவில்லை. வழியெல்லாம் முருகா முருகா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டு பக்கமும் செம்பனை. விளக்கு போகும் இடம் மட்டும்தான் ரோடு.  வீட்டு முன்னால் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன். அவள் கதவைத் திறந்தாள். நான் உள்ளே போனதும் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஐந்து மணி. அவள் போனில் வட்டம். வெளியே மாடுகள் கத்த ஆரம்பித்தன. மோடத்தைப் பார்க்கலாம் என்று பின்கட்டுக்குப் போனேன். மோடம் இல்லை. பலகை முழுக்கப் பால் கேன்கள். பன்னிரண்டு எவர்சில்வர் கேன், கவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக. ஜன்னலை அடைத்துப் பெரிய அலுமினியத் தட்டு. மோடம் இதற்கெல்லாம் பின்னால் ஒரு மூலையில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இதுங்க பகல்ல எங்க இருக்கும்?"

"காலையில கடைக்குப் போவும். அப்புறம் வெயில்ல காயும். முன்னெல்லாம் ராத்திரியும் வெளியதான் கவுத்து வெப்பேன். கன்னுக்குட்டி போனதுலேர்ந்து வெளிய எதையும் விடறதில்ல. பொழுது எறங்குறதுக்குள்ள எல்லாத்தையும் உள்ள தூக்கியாந்துடுவேன்."

சிக்னலுக்கு இரும்புச் சுவர் கட்டியது போலத்தான். அவள் பயந்து பயந்து உள்ளே தூக்கி வைத்ததை, நான் காலிப் பலகை என்று நம்பி மோடத்தை அதன் வாயில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். தட்டை இறக்கினேன். கேன்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தேன். எட்டாவது கேனை இறக்கியதும் வட்டம் நின்றது. படம் வந்தது.

மாடுகள் எட்டும் எழுந்து நின்றன. எட்டும் ஒரே பக்கம் பார்த்தன. கால்வாய்ப் பக்கம். அங்கே இரண்டு வெளிச்சப் புள்ளிகள் இருந்தன. அணைந்தன. மறுபடி எரிந்தன. நடுவில் உடம்பு என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கால்வாயின் சிமெண்ட் விளிம்பு அந்த இடத்தில் மட்டும் இல்லை. ஏதோ மறைத்துக்கொண்டிருந்தது.

கதவின் தாழ்ப்பாளில் மங்கம்மாவின் கை இருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். 

"தட்டைத் தட்டுவோமா?" என்றேன். 

"தட்டுனா மாடு அறுத்துகிட்டு ஓடும். ஓடுனா அதுக்கு லேசு. பேசாம இரு."

இருந்தோம். தரையில், கேன்களுக்கு நடுவில், போனை மடியில் வைத்துக்கொண்டு. புள்ளிகள் அசையவில்லை. எவ்வளவு நேரமோ. அவள் திடீரென்று கேட்டாள்.

"அன்னிக்கு ட்ராக்டர் கொண்டாரத்தானே போன?"

எனக்குப் பயத்தோடு கோபமும் வந்தது. "இப்பக் கேக்குற கேள்வியாக்கா இது?"

"உங்கள மேய்ச்ச மண்டோர் மறுநாளே சொன்னாரு, நீ ட்ராக்டருக்குத்தான் ஓடுனன்னு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மாத்திச் சொல்லல? பதினோரு வருஷம்!"

"குளவியப் போயித் திட்ட முடியுமா? எனக்கு யாராச்சும் வேணும்ல. நீதான் திருப்பித் திட்டாம நின்ன." திரையைக் காட்டி, "போனப் பாரு" என்றாள்.

பார்த்தேன். சிமெண்ட் விளிம்பு நேராகத் தெரிந்தது. புள்ளிகள் இல்லை. போய்விட்டது என்று நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கே போனது என்பதுதானே கேள்வி. மாடுகள் மெல்லத் தலையை இந்தப் பக்கம், வீட்டு முன்வாசல் பக்கம், திருப்பின. அப்புறம் ஒவ்வொன்றாகப் படுத்தன. அப்படியும் ஏழு மணிக்கு வெளிச்சம் வரும் வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

முன்வாசலில் என் மோட்டார் நின்றது. ஈர மண்ணில் அதைச் சுற்றி ஒரு முழு வட்டம், என் உள்ளங்கை அகலத்துக்குத் தடங்கள். சீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. அங்கே அழுத்தம் ஆழமாக இருந்தது. நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். 

மங்கம்மா மாட்டைக் கறந்தாள். மடி கட்டியதற்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். நான் மோடத்தைப் பலகையிலிருந்து எடுத்து ஜன்னலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். கேன்களையும் தட்டையும் பழையபடி அடுக்கிவைத்துப் பார்த்தேன். படம் வந்தது, அறுபடவில்லை. இலாகா ஆட்களுக்குப் போன் செய்து தடத்தைச் சொன்னேன். பத்து மணிக்கு வந்தார்கள், அளந்தார்கள், கூண்டைக் கால்வாய் ஓரம் மாற்றிவைப்பதாகச் சொன்னார்கள்.

கிளம்பும்போது மங்கம்மா மோட்டார் வரை வந்தாள். தன் போனை என்னிடம் நீட்டினாள். அந்தக் கேமராவை என் போனிலும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். ஏற்றிக் காட்டினேன். படத்தில் அவள் மாடுகள் நின்றன. உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு நீ வர வேணாம் தம்பி. வழியில நிக்கும் அது. உன் வீட்டுலேர்ந்தே பாரு. அஞ்சே காலுக்கு நான் தொறப்பேன். கறந்து முடிச்சு, உள்ள வந்து தாப்பா போடுற வரைக்கும் போன எறக்காத."